கல்லாவில் அமர்ந்தவர் கவனத்திற்கு



ஆண்டுக்கு ஒருமுறை சரக்கு இருப்பு எடுக்கிறோம், ஐந்தொகை போடுகிறோம். வரவேண்டிய பாக்கியை ஊர்வாரியாக மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் "உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது.

அரசு ஊழியருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. இ.எஸ்.ஐ.யில் பதிந்த தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. தனி முதலாளியாகக் கடை நடத்துகிறவருக்கு இரண்டும் கிடையாது. அவர் படுத்துவிட்டால் கொள்முதல் நிற்கும், வசூல் நிற்கும், அவர் மனதில் மட்டும் இருந்த கொடுக்கல் வாங்கல் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாமல் போகும். ஆகவே உடல்நலமும் கடையின் முதலீட்டில் ஒரு பகுதி என்று கருதி இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டுகிறேன்.

உட்காரும் தொழில்

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் சங்கரன்கோவிலில் வத்தல், பருத்தி, பயறு வாங்க வேண்டுமானால் மண்டி மண்டியாக நடப்போம். மூடையில் கைவிட்டு மாதிரி பார்ப்போம். வசூலுக்குச் சுற்றுப்பட்டிக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போவோம். இன்று மாதிரி வாட்ஸ்அப்பில் வருகிறது. பணமும் கைப்பேசியில் வருகிறது. தொழில் எளிதாயிற்று, உடம்புக்கு இருந்த வேலை போயிற்று. சாப்பாடு மட்டும் குறையவில்லை.

வேலை குறைந்தால் பசியும் தானே குறைந்துவிடாதா என்று கேட்கலாம். குறைவதில்லை. 1956இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் மேயர் குழுவினர், கல்கத்தா பக்கம் ஒரு சணல் ஆலையைச் சார்ந்த 213 பேரின் உணவையும் எடையையும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவர்களில் எழுத்தர்களும் இருந்தார்கள், சுமை தூக்குவோரும் இருந்தார்கள், நாள் முழுவதும் உட்கார்ந்தே வியாபாரம் செய்த கடைக்காரர்களும் இருந்தார்கள். உட்கார்ந்தே இருந்தவர்கள், நடமாடி இலகுவான வேலை செய்தவர்களைவிட அதிகம் உண்டார்கள். எடையும் அதிகம் இருந்தார்கள். நம் தொழிலைப் பற்றியே எழுதிவைத்தது போன்ற முடிவு இது.

சென்னை தந்த பாடம்

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அதைத் தள்ளிப்போட வழி உண்டு என்பதைச் சென்னையிலேயே நிரூபித்திருக்கிறார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினமும் அரை மணி நேரம் நடந்து, சர்க்கரையையும் கொழுப்பையும் குறைக்கச் சொல்லப்பட்டவர்களில் 100க்கு 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை மட்டும் கொடுத்த பிரிவிலும் ஏறத்தாழ இதே பலன்தான். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைக்கு ஈடாக நின்றன. (ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக்கூடாது.)

பழக்கம் எப்படி வரும்?

ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. நான்கு நாள் நடக்கிறோம். ஐந்தாம் நாள் லோடு வருகிறது, அதோடு நின்றுவிடுகிறது. லண்டனில் 96 பேரை வைத்து ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளில் வந்தது; சிலருக்கு 250 நாளுக்கு மேலும் தேவைப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதகம் இல்லை. தினமும் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு புதிய காரியத்தைக் கோத்துவிட்டால் எளிதில் நிலைக்கும். நமக்குத்தான் அப்படிப்பட்ட காரியங்கள் நிறைய உண்டே!

1. கடை திறக்குமுன்: சாவியை எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் சங்கரநாராயணர் கோயில் ரத வீதிகளைச் சுற்றி வாருங்கள். வேர்க்கிற அளவு வேகம் வேண்டும். பேச முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டாம். வாரத்திற்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு.

2. கல்லாவில்: ஒவ்வொரு போன் ஆர்டரையும் எழுந்து நின்று பேசுங்கள். இருப்பைப் பார்க்கப் பையனை அனுப்பாமல் நீங்களே குடோனுக்கு நடங்கள். சரக்கும் கண்ணில் படும்.

3. டீ வரும்போது: நாளைக்கு நான்கு டீ, ஒன்றுக்கு 10 கிராம் சீனி என்றால் மாதம் 1 கிலோ 200 கிராம் ஆகிறது. அவ்வளவும் ஒரே ஆளின் வயிற்றுக்குள். வாரத்திற்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். டீயோடு வரும் வடை, பஜ்ஜிக்குப் பதில் சுண்டலோ நிலக்கடலையோ சொல்லி வையுங்கள்.

4. வீட்டுக்கு உப்பு எடுத்துப்போகும்போது: ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது கணக்கு. ஐந்து பேர் குடும்பத்திற்கு மாதம் 750 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதில் அடக்கம். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை பாக்கெட் போகிறது என்று பாருங்கள்.

5. கடை அடைக்கும்போது: பத்து மணிக்கு வீடு போய் வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுப்பது நம் தொழிலின் சாபம். எட்டு மணிக்கு இரவுச் சாப்பாட்டைக் கடைக்கே வரவழைத்துவிடலாம். சாப்பாட்டிற்குப் பின் புகையிலையும் பாக்கும் வேண்டாம்; இரண்டுமே வாய்ப்புற்றுக்குக் காரணமானவை.

ஐந்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒன்றைப் பிடியுங்கள். அது நிலைத்தபின் அடுத்ததற்குப் போங்கள்.

சிப்பந்திகளுக்கும் உடம்பு உண்டு

முதலாளிக்கு உட்கார்ந்தே இருப்பது கேடு. சிப்பந்திக்கு நின்றுகொண்டே இருப்பது கேடு. நாள் முழுவதும் நிற்பவர்களுக்குக் கால் நரம்பு சுருண்டு புடைக்கிறது. இதற்காகவே 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர்களுக்கு உட்கார இருக்கை வசதி தருவது கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்திற்குப் பயந்து ஒரு ஸ்டூலைப் போட்டு, அதில் அட்டைப்பெட்டியை அடுக்கி வைத்தால் போதாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர்கள் தயங்காமல் உட்கார வேண்டும். நாம் எழுந்து நடப்போம். அவர்கள் சற்று உட்காரட்டும்.

பேரேட்டில் ஒரு பக்கம்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியது. அதன் பணியாளர்கள் பகலில் வீடு தேடி வரும்போது நாம் கடையில் இருக்கிறோம். எனவே நாமே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ போக வேண்டும். இரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டியே நின்றாலோ, வெறும் வயிற்றில் சர்க்கரை 126ஐத் தொட்டாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். இவை இரண்டும் வலி இல்லாமல் வளரும் நோய்கள். வலி வந்தபின் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

ஏப்ரல் முதல் தேதி புதுக் கணக்குப் போடும்போது பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எடை, அழுத்தம், சர்க்கரை மூன்றையும் தேதியோடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். ஒரு சரக்கின் விலை ஏறுவதையும் இறங்குவதையும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த மூன்று எண்களையும் அதே கண்ணோடு பாருங்கள்.

கடை நிலைக்க வேண்டுமானால் கடைக்காரர் நிலைக்க வேண்டும்.