காருக்கு எந்த பிளேயர்?

கேள்வி: காரில் வெளியூர் போகும்போது பாட்டுக் கேட்கத் தனியாக ஒரு பிளேயர் வாங்க நினைக்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: கடைக்குப் போகுமுன் உங்கள் கார் ஸ்டீரியோவைப் பாருங்கள். யூஎஸ்பி போர்ட் இருந்தால் பிளேயரே வேண்டாம். 32 ஜிபி பென் டிரைவ் போதும். 128 கேபிபிஎஸ் எம்பி3 பாட்டு நிமிடத்துக்குச் சுமார் ஒரு எம்பிதான் பிடிக்கும் என்பதால், 500 மணி நேரம் தாராளமாக அடங்கும். இன்னும் பெரிதாக வாங்கினால் என்ன என்பீர்கள். 64 ஜிபியும் அதற்கு மேலும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வரும். பழைய ஸ்டீரியோக்கள் பல ஃபேட்32 மட்டுமே படிக்கும். செல்போன் இருக்கிறதே என்றால், இருக்கிறதுதான்; ஆனால் பல்லவி முடிவதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். ஆக்ஸ் மட்டும் உள்ள காருக்குத்தான் தனி பிளேயர் நியாயம். அதிலும் தொடுதிரை வேண்டாம். கண் சாலையில் இருக்க, விரலால் தடவியே அடுத்த பாட்டுக்குப் போகும்படி அமுக்குகிற பட்டன் வேண்டும். ஐபாடைத் தேடி அலையாதீர்கள், ஆப்பிள் அதை 2022-லேயே நிறுத்திவிட்டது.