இடம் மாறும் முடிச்சு

ஒரு முழ நீளமுள்ள கயிறுகள் இரண்டு வேண்டும். ஒன்று வெள்ளை, மற்றொன்று சிவப்பு. வெள்ளைக் கயிற்றின் இரு நுனிகளையும் ஒரு நண்பர் இழுத்துப் பிடித்துக்கொள்ளட்டும். சிவப்புக் கயிற்றை அதன் மேல் போட்டு, அடிப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைச் சிவப்புக் கயிற்றுக்கே அடியில் நுழைத்து வெளியே எடுங்கள். இறுக்க வேண்டாம். இப்போது வெள்ளை நேராக நிற்கிறது. சிவப்பு அதைச் சுற்றி வளைந்திருக்கிறது. இனி நண்பர் தம் பிடியைத் தளர்த்தட்டும். நீங்கள் சிவப்பின் இரு நுனிகளையும் எதிரெதிர்த் திசையில் இழுங்கள். வளைவு சட்டென்று இடம் மாறிவிடும். சிவப்பு நேராகிவிடும், வெள்ளை அதைச் சுற்றிக்கொண்டிருக்கும்!

எந்த நுனியையும் நாம் அவிழ்க்கவில்லை. மறுபடி நுழைக்கவும் இல்லை. எது அச்சு, எது சுற்று என்பதை இழுவிசை ஒன்றே தீர்மானித்தது. டாட்டிங் என்னும் லேஸ் வேலை முழுவதும் இந்த ஒரு செயலை நம்பியே நடக்கிறது.

டாட்டிங் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய கைவேலை. சிறுசிறு வளையங்களும் வளைவுகளும் சேர்ந்து பூப்போலத் தோன்றும் லேஸ் இது. பிரெஞ்சு மொழியில் இதன் பெயருக்கு ‘அற்ப விளையாட்டு’ என்பது போன்ற பொருள். இத்தாலியப் பெயர் அரட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கேலிப் பெயர்கள்தாம். துருக்கியரோ கருவிக்கு மரியாதை தந்து ‘மெகிக்’ என்றார்கள். தறியில் ஓடும் நாடாவுக்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயர். நம் தையல் ஆசிரியைகள் இக்கருவியை ஷட்டில் என்பார்கள்.

வேலை செய்யும் முறை இதுதான். ஷட்டிலில் சுற்றிய நூலின் நுனியை இடக்கையின் விரல்களைச் சுற்றி ஒரு வளையமாக்கி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொள்கிறோம். ஷட்டில் இவ்வளையத்தின் அடியில் சென்று மேலாகத் திரும்பி, தன் நூலுக்குக் கீழே வெளிவந்தால் அரை முடிச்சு. அடுத்த முறை மேலே சென்று அடியில் திரும்பி, தன் நூலுக்கு மேலே வெளிவந்தால், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் மறு பாதி. இரண்டும் சேர்ந்தது ஒரு முழு முடிச்சு. ஒவ்வொரு பாதியிலும் ஷட்டில் நூலை விறைப்பாக இழுத்து இடக்கை விரல்களைத் தளர்த்த வேண்டும். அப்போதுதான், நம் கயிறுகளில் கண்டதுபோல், முடிச்சு இடம் மாறும்.

மாறாவிட்டால் என்ன ஆகும்? இருபது முடிச்சுகள் போட்ட பின் ஷட்டில் நூலை இழுத்து வளையத்தை மூட வேண்டும். எல்லாம் சரியாக மாறியிருந்தால் ஷட்டில் நூல் ஒரு கம்பிபோல நேராக ஓடும். முடிச்சுகள் அதன் மேல் மணிகளைப்போல் சறுக்கி நெருங்கும். ஒரே ஒரு பாதி மாறாமல் நின்றிருந்தாலும் வளையம் மூடாது. நூல் அற்றுப்போகுமே தவிர அசையாது.

காரணம் உராய்வு. முரண்டு பிடிக்கும் காளையின் கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவனும் பிடித்து நிறுத்தலாம். இதைக் கணக்கிடும் சூத்திரத்தைத் தந்தவர் 18ஆம் நூற்றாண்டின் கணித மேதை ஆய்லர். உராய்வுக் குணகம் 0.3 என்று கொள்வோம். கயிறு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருந்தால், மறுமுனையில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 6.6 மடங்கு விசையில் இழுத்தால்தான் அது நகரும். இரண்டு சுற்றுக்கு 13 மடங்கு என்று நினைக்காதீர்கள்; ஏறத்தாழ 43 மடங்கு! சுற்று கூட்டுத்தொடராக ஏற, பிடிப்பு பெருக்குத்தொடராக ஏறுகிறது. மாறிய முடிச்சில் ஷட்டில் நூலின் சுற்று ஏறக்குறைய பூஜ்யம். மாறாத முடிச்சிலோ அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருப்பதோடு, தன் அடியிலேயே நசுங்கியும் கிடக்கிறது.

இனி ஷட்டிலின் வடிவம் எளிதில் விளங்கும். படகு போன்ற இரண்டு இதழ்கள். நடுவே அவற்றை இணைக்கும் ஒரு கட்டை. அதில் நூல் கோக்க ஒரு துளை. போகும்போதும் வரும்போதும் ஷட்டிலை நாம் கையிலிருந்து விடுவதில்லை. விரலுக்கும் இதழுக்கும் இடையே நூல்தான் நழுவிச் செல்கிறது. ஆகவே இதழ் வழவழப்பாகவும் சற்றே குவிந்தும் இருக்க வேண்டும். இரு முனைகளிலும் இதழ்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நூலை இழுக்கும்போது அவை வில்போல் விலகி, ‘டிக்’ என்ற ஒலியுடன் மூடிக்கொள்ளும். இந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் நூல் தானே அவிழ்ந்து விறைப்புக் கெடும். விறைப்பில்லாமல் முடிச்சு மாறாது. அளவுக்கு மீறி நூலைத் திணித்து முனைகளை விரிய விடுவதே நல்ல ஷட்டில்கள் கெட்டுப்போகப் பெரிய காரணம். 1886இல் வெளிவந்த தெரெஸ் டி டில்மாண்டின் கைவேலைக் கலைக்களஞ்சியம், ஷட்டில் 7 செ.மீ. நீளத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இன்றும் அது பொருத்தமான அளவே.

பழைய ஷட்டில்களைச் சேர்ப்போர் முதலில் பார்ப்பதும் முனைகளைத்தான். பெரிதாகவும் முனை திறந்தும் இருந்தால், அது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் ‘நாட்டிங்’ என்ற வேறொரு வேலைக்கு உரியது. அதில் தடித்த நூலில் வரிசையாக முடிச்சிட்டு, முடிச்சிட்ட நூலையே ஷட்டிலில் திரும்பச் சுற்றுவார்கள்; மூடிய முனை அதற்கு இடையூறு. லண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தில் உள்ள, 1760ஐ ஒட்டி ரெனால்ட்ஸ் தீட்டிய ஆல்பமார்ல் சீமாட்டியின் ஓவியத்தில் அவர் கையில் இருப்பது நாட்டிங் ஷட்டில்தான்.

அடுத்தது, ஷட்டில் செய்யப்பட்ட பொருள். எலும்பு, கொம்பு, தந்தம், முத்துச்சிப்பி, வெள்ளி, மரம் என்று பட்டியல் நீளும். ஆமையோடு என்று சொல்லப்படுவது கடலில் வாழும் அழுங்காமையின் ஓடு. பழுப்பும் மஞ்சளும் கலந்த அதன் அழகே அந்த இனத்துக்கு எமனாயிற்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் அழுங்காமை ஓட்டையும் தந்தத்தையும் விற்பதைத் தடுக்கின்றன. அத்தகைய ஷட்டிலை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆமையோடு போலவும் தந்தம் போலவும் தோன்றும் பல ஷட்டில்கள் உண்மையில் செல்லுலாய்டு. தந்தத்துக்கு மாற்றுத் தேடிய ஹயட் என்ற அமெரிக்கர் 1870ஐ ஒட்டி உருவாக்கிய பிளாஸ்டிக் இது. நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. பழைய மேசைப்பந்துகளும் இதில் செய்தவையே. உருப்பெருக்கியில் பார்த்தால் ஆமையோட்டின் நிறத்திட்டுகள் நுண்புள்ளிகளாகத் தெரியும். செல்லுலாய்டில் வண்ணம் குழைத்த சாயம்போல் ஓடும். விரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரலாம். சிலர் சூடான ஊசியால் குத்திப் பார்ப்பது உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்; செல்லுலாய்டு சீறி எரியும். அது மெல்லச் சிதையும்போது வெளிவிடும் அமில ஆவி அருகிலுள்ள உலோகத்தை அரிக்கும். எனவே காற்றுப் புகாத டப்பாவில் வெள்ளி ஷட்டிலோடு சேர்த்துப் பூட்டி வைக்காமல், காற்றாடத் தனியே வைக்க வேண்டும்.

கைப்பழக்கத்துக்குப் பழம்பொருள் எதுவும் தேவையில்லை. கெட்டியான அட்டையில் 7 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, இரு முனைகளிலும் ஒரு சிறு பிளவு இட்டு, ஓரங்களை மணல் தாளால் தேய்த்துவிடுங்கள். அதில் சிவப்பு நூலைச் சுற்றுங்கள். வெள்ளை நூலுருண்டையின் நுனியைச் சிவப்பு நுனியோடு முடிந்து, அம்முடிச்சை இடக்கைக் கட்டைவிரலுக்கடியில் பிடித்துக்கொண்டு, வெள்ளை நூலை விரல்களின் முதுகுப்புறமாகக் கொண்டுபோய்ச் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். அரை முடிச்சுகளை மாற்றி மாற்றிப் போட்டு வாருங்கள். வரிசையில் வெள்ளை முடிச்சுகள் மட்டும் தெரிந்தால் எல்லாம் இடம் மாறியிருக்கின்றன. எங்கேனும் சிவப்பு எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் நிறுத்தி, ஓர் ஊசியால் நெம்பி அவிழ்த்துவிட்டுத் தொடருங்கள்.