கடையும் குழந்தையும்: பாலர் பள்ளிக்கு முன் வீட்டுப் பாடம்



அண்மையில் ஜொகூர் பாருவில் நண்பர் ஒருவரின் மளிகைக் கடைக்குச் சென்றிருந்தோம். பெட்டியடிக்கு அருகில் அவருடைய மூன்றரை வயது மகன் அரிசி மூட்டையின் மேல் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயரென்ன என்று கேட்டோம், நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நண்பர் கவலையோடு சொன்னார்: "அடுத்த வருஷம் பாலர் பள்ளியில் சேர்க்க வேண்டும் நானா. அதற்குள் ஏ, பி, சி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்களே, டியூஷன் வைக்கலாமா?"

வாடிக்கையாளர் வந்துவிட்டபடியால் அங்கு நின்று விரிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வி மூவாரிலும் குளுவாங்கிலும் பத்து பகாட்டிலும் உள்ள நம் வணிகர் வீடுகள் பலவற்றில் இருக்கும் என்பதால், அந்தப் பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

விளையாட்டு வீண் பொழுதா?

குழந்தை விளையாடினால் காலம் வீணாகிறது, எழுத்துப் படித்தால்தான் கல்வி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இந்த எண்ணம் சரியன்று. ஜெர்மனி நாட்டில் பிரோபெல் என்பவர் 1837இல் சிறார்களுக்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். மரக் கட்டைகளும் பந்துகளும் பாட்டுமே அங்கு பாடங்கள். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, தரை துடைப்பது போன்ற வீட்டு வேலைகளையே அவர் குழந்தைகளுக்குப் பாடமாக வைத்தார்.

நம் நாட்டிலும் இந்தக் கருத்து ஏற்கப்பட்டதே. 2010இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம், விளையாட்டின் வழியாகக் கற்றலை ஒரு முக்கிய முறையாக வைத்தது. அரசாங்கமே விளையாட்டைப் பாடமாகக் கொள்ளும்போது, நாம் வீட்டில் அதைத் தடுப்பது எந்த வகையில் நியாயம்?

நம் மார்க்கத்திலும் இதற்கு வழிகாட்டல் உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுததும், சிறுவர் அபூ உமைர் வளர்த்த குருவியைப் பற்றி அவரிடம் அன்போடு விசாரித்ததும் நாம் அறிந்தவையே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் (1058–1111), பாடம் முடிந்த பிள்ளையை நல்ல விளையாட்டுக்கு விட வேண்டும், எந்நேரமும் படிப்பிலேயே நெருக்கினால் அதன் உள்ளம் மழுங்கிவிடும் என்னும் கருத்தை வலியுறுத்தியுள்ளார்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எது தேவை?

எழுத்துகளைப் பாலர் பள்ளி ஆசிரியை கற்றுக்கொடுப்பார்; அது அவருடைய வேலை. ஆனால் இருபது பிள்ளைகள் உள்ள அறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரால் தாயாக இருக்க இயலாது. ஆகவே வீட்டில் பழக வேண்டியவை வேறு. கழிப்பறைத் தேவையைச் சொல்லத் தெரிய வேண்டும். தானே உண்ணவும், கை கழுவவும், காலணி மாட்டவும் தெரிய வேண்டும். தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். உம்மாவை விட்டுச் சில மணி நேரம் பிரிந்திருக்க வேண்டும். பசி, வலி, பயம், கோபம் ஆகியவற்றை அழுகையால் அன்றிச் சொல்லால் தெரிவிக்க வேண்டும். இவ்வளவும் கைவந்த பிள்ளை, எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் சென்றாலும் விரைவில் கற்றுக்கொள்ளும். இவை கைவராத பிள்ளை, இருபத்தாறு எழுத்தையும் ஒப்பித்தாலும் முதல் வாரம் முழுவதும் வாசலில் நின்று அழும்.

பேச்சே முதல் பாடம்

வாடிக்கையாளர் ஒன்று கேட்கிறார், நாம் பதில் சொல்கிறோம், அவர் மறுபடி கேட்கிறார். இப்படிப் போகிற பேச்சில்தான் வியாபாரம் நடக்கிறது. பிள்ளையின் பேச்சு வளர்வதும் அவ்வாறே. குழந்தை ஒன்றைச் சுட்டுகிறது; நாம் பெயர் சொல்கிறோம்; அது ஒரு சொல் பேசுகிறது; நாம் அதோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்கிறோம். "மீன்" என்றால், "ஆமாம், பெரிய மீன், உம்மா குழம்பு வைக்கப் போகிறாள்" என்று சொல்ல வேண்டும். வானொலியும் கைப்பேசியும் எவ்வளவு பேசினாலும், பிள்ளை சொன்னதைக் கேட்டு அதற்கேற்பப் பதில் சொல்வதில்லை. ஒருவழிப் பேச்சால் பிள்ளையின் பேச்சு வளராது.

எந்த மொழியில் பேசுவது? பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் வேண்டியிருக்கிறதே என்று சிலர் வீட்டில் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். தமக்கே சரளமாக வராத மொழியில் பெற்றோர் நாலு சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். பிள்ளைக்கும் அந்த நாலு சொல்லே கிடைக்கிறது. தாய்மொழி வழியாகத் தொடங்கும் கல்வியே சிறந்தது என்று யுனெஸ்கோ நிறுவனத்தின் அறிஞர் குழு 1953இலேயே எடுத்துரைத்தது. ஒரு மொழியில் ஆழமாகப் பேசவும் கதை சொல்லவும் பழகிய பிள்ளை அடுத்த மொழியை எளிதில் பிடித்துக்கொள்ளும். மலாய் மொழி அண்டை வீட்டுத் தோழர்களிடமும் பள்ளியிலும் தானே வரும். தமிழோ வீட்டில் விட்டுப்போனால் வெளியில் கிடைப்பது அரிது. உம்மம்மா என்றோ நன்னி என்றோ அழைக்கப்படும் முதியவள் வீட்டில் இருக்கிறாளென்றால், அவளிடம் பிள்ளையை அரை மணி நேரம் விடுங்கள். தாலாட்டும் விடுகதையும் ஊர்க் கதைகளும் அவளோடு போய்விடக்கூடாது. பேரனுக்கும் பாட்டிக்கும் பொது மொழி இல்லாத வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். இருவரும் ஒரே அறையில் அமர்ந்து சிரித்துக்கொள்கிறார்களேயன்றிப் பேசிக்கொள்ள முடியவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் எந்த வியாபாரத்திலும் இல்லை.

வீட்டிலும் கடையிலும் உள்ள பொருள்களே போதும்

விலையுயர்ந்த பொம்மை வேண்டியதில்லை. வயதுக்கேற்பச் சிலவற்றைக் கூறுவோம்.

ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை: பிளாஸ்டிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்தல், மூடியைத் திறந்து மூடுதல், துணியால் முகத்தை மறைத்துக் காட்டுதல், பானையைக் கரண்டியால் தட்டுதல். தட்டும் ஓசை நமக்குத் தொல்லைதான். ஆனால் எதைச் செய்தால் என்ன நிகழும் என்பதைப் பிள்ளை அதிலேதான் அறிகிறது.

இரண்டு வயதிலிருந்து மூன்று வயது வரை: இடியப்ப மாவில் ஒரு சிறு உருண்டையைக் கொடுத்து உருட்டவும் பிசையவும் விடுங்கள். பழைய செய்தித்தாளைக் கிழிக்க விடுங்கள். விரல்களுக்கு வலு வந்த பின்னரே பென்சில் பிடிக்க வரும். வலு இல்லாத விரலில் பென்சிலைத் திணித்தால் எழுத்தின் மேல் வெறுப்புத்தான் வரும். ஒரு தொட்டியில் தண்ணீர் வைத்து ஊற்றி விளையாட விடலாம். பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தேங்கிய நீரில் டெங்கிக் கொசு முட்டையிடும்.

மூன்று வயதிலிருந்து நான்கு வயது வரை: சின்ன வெங்காயத்தை ஒரு கூடையிலும் பெரிய வெங்காயத்தை மற்றொரு கூடையிலும் பிரிக்கச் சொல்லுங்கள். இனம் பிரிப்பதே கணக்கின் அடிப்படை. நான்கு பேருக்கு நான்கு தட்டு வைக்கச் சொல்லுங்கள். எண் என்பது வாய்ப்பாடமன்று, பொருளோடு சேர்ந்தது என்பது அப்போது விளங்கும். பழைய தராசு இருந்தால் இரு தட்டிலும் பொருள் வைத்து, எது கனம் என்று கேளுங்கள். துணிக்கடைக்காரர் வெட்டுத் துண்டுகளை நிறம் நிறமாக அடுக்கச் சொல்லலாம். காலி அட்டைப் பெட்டியோ ஒரு நாள் ரயில், மறுநாள் கடை. பிள்ளை கடைக்காரனாகட்டும், நாம் வாடிக்கையாளராவோம். "அரிசி என்ன விலை?" என்று கேட்டுப் பேரம் பேசுங்கள். அதில் பேச்சும் உண்டு, எண்ணும் உண்டு, மரியாதையும் உண்டு.

ஓர் எச்சரிக்கை

கடையில் உள்ளதெல்லாம் பிள்ளைக்கு ஏற்றதன்று. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் நாணயம், கோலிக்குண்டு, நிலக்கடலை, சிறு பொத்தான் ஆகியவற்றைக் கொடுக்கலாகாது; தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொத்தான் போன்ற சிறிய வட்ட பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்திற்குள்ளாகவே உணவுக்குழாய் புண்ணாகிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஊரில் ஆடப் பயன்படுத்திய குன்றிமணி அழகாயிருந்தாலும் கொடிய நஞ்சுள்ளது. அதை வீட்டில் வைக்கவே வேண்டாம்.

பல்லாங்குழியும் சொங்காக்கும்

நம் வீட்டுப் பெண்கள் ஊரில் ஆடிய பல்லாங்குழியும், மலாய்ச் சகோதரர்கள் ஆடும் சொங்காக்கும் ஒரே குடும்பத்து ஆட்டங்கள். பல்லாங்குழியில் இரு வரிசையில் 14 குழிகள். சொங்காக்கில் அவற்றோடு இரு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி உண்டு. அவ்வாறே ஐந்து கல் ஆட்டத்திற்கு மலாயில் பத்து செரெம்பான் என்று பெயர், பம்பரத்திற்குக் காசிங். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆட்ட விதிகள் முழுவதும் வராவிட்டாலும், குழிக்கு ஒரு சோழியாகப் போட்டு வருவது ஒன்றே எண்ணிக்கையும் பொறுமையும் பழக்கும். அண்டை வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒரே பலகையில் இரண்டு மொழி வளரும்.

கைப்பேசி

வேலை நெருக்கடியில் பிள்ளையை அமைதிப்படுத்தக் கைப்பேசியைக் கொடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் திரை வேண்டாம்; 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நன்று. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாள் முழுவதிலுமாக 180 நிமிடமாவது உடலை அசைத்து ஆட வேண்டும். அதில் 60 நிமிடம் ஓட்டமும் குதியுமாக இருக்க வேண்டும். உறக்கம் 10 முதல் 13 மணி நேரம். கடை மூடும்வரை பிள்ளையை விழிக்க வைத்திருக்கும் வீடுகள் இந்தக் கடைசிக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தந்தையின் பங்கு

இதுவரை எழுதியதை உம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தந்தை விலகிவிடலாகாது. நம் குறையையே சொல்கிறோம். எங்கள் மூத்த மகன் சிறுவனாயிருந்தபோது, சுபுஹு தொழுததும் கடைக்குச் செல்வோம், அவன் உறங்கிக்கொண்டிருப்பான். இரவு திரும்பும்போதும் உறங்கிக்கொண்டிருப்பான். அவனுக்காகத்தான் உழைக்கிறோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். ஒரு பெருநாளன்று விருந்தினர் ஒருவர், "உன் அத்தா எங்கே?" என்று கேட்டார். நாம் பக்கத்தில் அமர்ந்திருக்க, பிள்ளை வாசலைக் காட்டி, "கடைக்குப் போயிருக்காங்க" என்றான். சுற்றியிருந்தோர் சிரித்தனர். நம்மால் சிரிக்க முடியவில்லை. அந்த நான்கு வருடங்களை எந்த விலை கொடுத்தும் இனி வாங்க இயலாது.

ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனி என்றிருந்த வார விடுமுறை 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு என மாறியது. ஆனால் விடுமுறை எந்த நாளாயினும் கடைக்காரருக்கு அன்றுதான் கூட்டம் அதிகம். ஆகவே விடுமுறையை எதிர்பார்த்திருப்பதில் பயனில்லை. தினமும் 20 நிமிடத்தை ஒதுக்குங்கள். கணக்குப் பார்க்கும் நேரத்தைத் தவறவிடாத நாம் இதையும் தவறவிடலாகாது. அந்த 20 நிமிடத்தில் கைப்பேசி பெட்டிக்குள் இருக்கட்டும். படப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் பிள்ளையை மடியில் வைத்து, படத்தைக் காட்டிக் கேளுங்கள். நேற்றுச் சொன்ன கதையையே இன்றும் கேட்டால் சலிக்காமல் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் சொற்கள் பதிகின்றன.

முடிவாக நண்பருக்கு நாம் சொல்வது இதுவே: டியூஷன் வேண்டாம். கடையில் தராசு இருக்கிறது, வெங்காயம் இருக்கிறது, காலிப் பெட்டி இருக்கிறது, வீட்டில் அவன் பாட்டி இருக்கிறாள். எல்லாவற்றிற்கும் மேலாக நீங்கள் இருக்கிறீர்கள். அரிசி மூட்டையின் மேலிருந்து அவனை இறக்கிப் பக்கத்தில் நிறுத்தி, "இந்த வெங்காயத்தை எண்ணித் தாடா தம்பி" என்று இன்றே கேட்டுப் பாருங்கள். முதல் நாள் மூன்றுக்குப் பின் ஏழு என்பான். பரவாயில்லை. அவன் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான் அல்லவா? பாடம் அங்கேதான் தொடங்குகிறது.