தாளம் தவறாத நடை

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்தது நியூ ஆர்லியன்ஸ் மாநகர். நிறவேற்றுமை நிலவிய அந்நகரில் கறுப்பின மாணவர்க்கென 1951ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையார் தொடங்கியதே புனித அகுஸ்தீனார் ஆண்கள் உயர்நிலைப்பள்ளி. எட்வின் ஹாம்ப்டன் என்னும் ஆசிரியர் அங்கே இசைக்குழு ஒன்றை அமைத்து, மாணவரை ஒழுங்குறப் பயிற்றினார்.

தவக்காலத்திற்குமுன் கொண்டாடப்படுவது மார்டி கிரா திருவிழா. அதில் வெள்ளையர் நடத்திய ரெக்ஸ் ஊர்வலத்தில், 1967ஆம் ஆண்டு இக்குழு சென்றது. கறுப்பினப் பள்ளி இசைக்குழு ஒன்று அதிற் பங்குகொண்டது அதுவே முதன்முறை. வழியிற் சிலர் இழித்துரைத்தனர். பொருள்களை வீசி எறிந்தனர். ஆயினும் மாணவர்தம் வரிசை கலையவில்லை, தாளமும் தவறவில்லை.

வசைமொழிக்குத் தாம் கற்ற கலையையே விடையாக அளித்தனர் அம்மாணவர். அவர்தம் பொறுமையும் வீரமே ஆகும்.