கொட்டகைக் கால் ஏன் பிடுங்கிக்கொண்டது?

பழவேற்காடு பகுதியில் உள்ள அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். சென்ற பருவமழையின்போது எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று நாள்கள் வரவில்லை. வலை வைக்கும் கொட்டகையைக் காற்று தூக்கி எறிந்துவிட்டதாம்.

“காலெல்லாம் நல்லாத்தான் நட்டோம் டீச்சர். அப்படியே பிடுங்கிக்கிச்சு.”

“இன்னும் ஆழமா நட்டிருக்கணும்பா.”

“தோண்டினா தண்ணி வந்துடுது டீச்சர். மண்ணு சரிஞ்சு குழி மூடிக்குது.”

யோசிக்காமல் பதில் சொன்னது நான்தான். அந்த வாரம் எளிய எந்திரங்களில் ‘திருகு’ நடத்த வேண்டியிருந்தது. வழக்கமாகப் பாட்டில் மூடியையும் திருகாணியையும் காட்டி முடித்துவிடுவேன். இம்முறை அவனுடைய கொட்டகையிலிருந்து தொடங்கினேன்.

செயல்பாடு

தேவையானவை: ஒரே தடிமனுள்ள இரண்டு இரும்புக் கம்பிகள், தகர டப்பா மூடி, எம்-சீல், ஈர மணல் நிரப்பிய வாளி, சுருள்வில் தராசு.

தகரத்தை வட்டமாக வெட்டி, நடுவில் கம்பி நுழையும் அளவுக்குத் துளையிட வேண்டும். விளிம்பிலிருந்து துளைவரை ஒரு நேர்வெட்டு. வெட்டின் ஒரு முனையைச் சற்று மேலேயும் மறுமுனையைக் கீழேயும் வளைத்தால் திருகின் ஒரு சுற்று கிடைக்கும். அதை ஒரு கம்பியின் அடியில் எம்-சீல் கொண்டு ஒட்டி, நன்றாக இறுக விட வேண்டும். தகரம் கையைக் கிழிக்கும் என்பதால் வெட்டும் வேலையை ஆசிரியரே செய்வது நல்லது.

வெறும் கம்பியை மணலில் அழுத்தினோம். தகடு வைத்த கம்பியை அதே ஆழத்துக்குத் திருகி இறக்கினோம். குழி தோண்டவில்லை என்பதை மாணவர்களே கவனித்துச் சொன்னார்கள். பிறகு தராசை மாட்டி இழுத்தோம். வெறும் கம்பி உடனே வந்துவிட்டது. மற்றதில் முள் கடைசிக் கோட்டைத் தொட்டும் கம்பி அசையவில்லை. இரு கைகளால் இழுத்தபோது, சுற்றியிருந்த மணல் மேடாக எழும்பிய பிறகே வந்தது.

ஏன்?

வெறும் கம்பியைப் பிடித்திருப்பது பக்கவாட்டு உராய்வு மட்டுமே. தகடு வைத்த கம்பியை இழுக்கும்போது தகட்டின் மேலுள்ள மணலையும் சேர்த்துத் தூக்க வேண்டும். மேலிருந்து பாரம் ஏற்றினால் தகடு தன் கீழுள்ள மண்ணில் அமர்ந்து தாங்கும். இந்த முறையில் கட்டடங்களுக்கு அமைப்பதே திருகு அடித்தூண். எஃகுத் தூணை எந்திரத்தால் திருகி இறக்குவார்கள். திருகத் தேவைப்படும் முறுக்குவிசையைக் கொண்டு தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று மதிப்பிடுவார்கள்.

இதைக் கண்டறிந்து 1833இல் காப்புரிமை பெற்றவர் அயர்லாந்தின் அலெக்சாண்டர் மிட்செல். இளம் வயதிலேயே பார்வையை இழந்தவர். தேம்ஸ் முகத்துவாரத்தின் மேப்ளின் மணல்திட்டில் கலங்கரை விளக்கத்துக்கான திருகு தூண்கள் 1838இல் இறக்கப்பட்டன. நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னையில் அலைகளைக் கடந்து மசூலா படகுகளில் சரக்கு இறக்கிய காலத்தில், 1861இல் இரும்புத் திருகு தூண்கள்மீது ஆயிரம் அடிக்கும் நீளமான கடற்பாலம் அமைந்தது.

“அப்ப அது புயல்ல நின்னுச்சா டீச்சர்?” என்று கேட்டாள் ஒரு மாணவி.

1868, 1872 ஆண்டுகளின் புயல்களில் அந்தப் பாலம் சேதமடைந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அலை மணலை அரித்துவிட்டால் தகட்டுக்குப் பிடிப்பு இருக்காது. உப்புநீர் இரும்பைத் தின்னும். அதனால் வீடு கட்டும்போது பொறியாளர் மண்ணைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த அடித்தளமும் எல்லாப் புயலுக்கும் தாங்கும் என்று கடலோரப் பிள்ளைகளிடம் நாம் சொல்லக்கூடாது.

பாடம் முடிந்ததும் அந்த மாணவன் எழுந்தான். “திருகு இல்லாட்டியும், கால் அடியில குறுக்குக் கட்டை கட்டிப் புதைச்சா மண்ணு மேல உக்காரும்ல டீச்சர்?”

உட்காரும் என்றேன். தேர்வில் திருகின் வரையறையை அவன் பாதிதான் எழுதினான். ஆனால், அவர்கள் வீட்டுப் புதிய கொட்டகையின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் இப்போது ஒரு குறுக்குக் கட்டை இருக்கிறது. அது தாங்குமா என்பதை அடுத்த காற்றுக்குப் பிறகு அவனே வந்து வகுப்பில் சொல்வதாக ஏற்பாடு.