புகாருக்கு 3 மாதம்

மலையாளத் திரையுலகப் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2019 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் முதல்வர் கைக்குப் போனது. வெளியே வந்ததோ 2024 ஆகஸ்டில். அரசு இப்படி ஆறப்போட்டது, ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு அந்த வசதி இல்லை. 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் பணியிட விசாரணைக் குழுவிடம் எழுத்தில் புகார் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை கிடைக்கும். தேதி, இடம், பார்த்தவர் பெயரை அன்றே குறித்துவையுங்கள்; வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள்.

பத்துப் பேர்கூட இல்லாத கடையில் விசாரணைக் குழு ஏது என்பார்கள். அதற்குத்தான் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு. முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கே போகலாம். நிரூபிக்க முடியாவிட்டால் நாமே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் ஆதாரம் போதாததாலேயே புகார் பொய்யாகிவிடாது என்று 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. விசாரணை முடியும்வரை இடமாற்றமோ விடுப்போ எழுதிக் கேளுங்கள்.