மோட் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஒரு வீடியோ கேமுக்கு நான் செய்து இலவசமாகக் கொடுத்த மோடை (கேமை மாற்றியமைக்கும் ரசிகர் படைப்பை), இன்னொருவர் தன் பெயரைப் போட்டுக் காசுக்கு விற்கிறார். சட்டம் என் பக்கம் இருக்குமா?

பதில்: பாதிதான் இருக்கும். நீங்களே வரைந்த படம், எழுதிய நிரல், போட்ட இசை ஆகியவற்றின் பதிப்புரிமை உங்களுடையது, கேமின் உரிம ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை. கதாபாத்திரமும் கதையுலகமும் கேம் நிறுவனத்தின் சொத்து.

அமெரிக்காவில் ஒரு பழைய வழக்கு உண்டு. 'டியூக் நியூகம் 3டி' கேமுக்கு ரசிகர்கள் உருவாக்கி இணையத்தில் போட்ட 300 லெவல்களை மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் அள்ளிக்கொண்டுபோய் சிடியில் விற்றது. அந்தக் கோப்புகளில் ஒரு படம்கூடக் கிடையாது; எந்தச் சுவர் எங்கே, எந்தப் பொருள் எங்கே என்ற குறிப்புகள்தான். ஆனாலும் கேமின் நாயகன் டியூக்கின் கதையை நீட்டுவதால் அது உரிமை மீறல் என்று சொல்லி 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ராத்திரி பகலாக உட்கார்ந்து லெவல் செய்த ரசிகர்கள்? வழக்கில் அவர்கள் கட்சிக்காரர்களே இல்லை!

வக்கீலைத் தேடுமுன், மூலக் கோப்புகளைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் மோடை அந்த நபர் விற்கும் தளத்துக்குப் பதிப்புரிமைப் புகார் அனுப்புங்கள். கேம் நிறுவனத்துக்கும் ஒரு நகல் போகட்டும். மோடைக் காசுக்கு விற்கக் கூடாதென்று பல நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. உங்கள் புகாரைவிட அவர்கள் கடிதத்துக்கு வேகம் அதிகம்.